நனைஞ்ச ரிம்மு

அட, சைக்கிளுக்குக் கம்பி பிரேக்கு நல்லதா ஒயர் பிரேக்கு நல்லதான்னு திரும்பத் திரும்பக் கேட்டா நான் இன்னா சார் சொல்றது? ஒயர் பிரேக்கு பாக்க அழகு. ஒரு வெரலு வச்சாலே நிக்கும்பாங்க. நிக்கும், நிக்கும். பின்னாடி இந்த மூட்டைய வச்சிக்கினா? ஸ்டவ்வு, ஜமக்காளம், டிரான்சிஸ்டரு, அது இன்னாது... புஸ்தகமா? ராமேஸ்வரம் வரைக்கும் படிச்சிக்கினே மிதிப்பீங்களா? நல்லாருக்கு.

கம்பி ஒடிஞ்சா எந்த ஊரு கொல்லரும் அடிச்சிக் குடுப்பாரு. ஒயரு அந்துச்சின்னா திருப்பத்தூருக்குத் தான் நடக்கணும். எங்க ஆளுங்க ரெண்டையும் நம்பறதில்ல. சைக்கிள்ல ரெண்டு மூட்டை புளியக் கட்டிக்கினு மலையெறங்கறவங்க, பெரிய மரக்கெளையா ஒண்ணு வெட்டி, கயித்துல கட்டி, பின்னால இழுத்துக்கினே போவாங்க. சிரிக்காதீங்க. அவங்க யாரும் வுழுந்ததில்ல. வுழுந்தவங்கெல்லாம் நல்ல பிரேக்கு வச்சிருந்தவங்க.

டீ ஆறுது பாருங்க. வெறும் தூறல் தானேங்கறீங்களா? தூறல் தான் சார் மோசம். ரிம்மு நனைஞ்சா ரப்பரு வழுக்கும். நீங்க புடிச்சிக்கினே இருப்பீங்க, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். பொழுதோட சந்தவாசல் போவணுமா? அங்க யாரு இருக்காங்க? ஒருத்தரும் இல்லியா? திட்டமா! போட்டது நீங்க தான, நீங்களே மாத்திக்கக் கூடாதா?

எங்க வூட்டுக்காரரும் இப்பிடித் தான். இந்த சைக்கிள் கடை அவரு வச்சது. இந்த மலையில அவரு கை படாத பிரேக்கு கெடையாது. போன ஐப்பசியில, இதே மாதிரி தூறல். கண்ணமங்கலத்துல டயர் டியூப் வாங்கணும், இன்னைக்கே போவணும்னு நின்னாரு. மழை வுடட்டுமேன்னேன். பிரேக்கப் பத்தி எனக்கே சொல்றியான்னு சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சி, போய்ட்டு வான்னுட்டேன். மூணாவது திருப்பத்துக்குக் கீழருந்து தூக்கினு வந்தாங்க. பிரேக்கு நல்லாத் தான் இருந்துச்சாம். பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க.

அய்ய, எழுந்துட்டீங்களா? உக்காருங்க சார், வண்டிய எடுக்காதீங்க. அதுல பிரேக்கு ரப்பரு இல்ல. வீலு பாக்கறேன்னு குனிஞ்சேனே, அப்பவே நாலையும் கழட்டி மடியில வச்சிக்கினேன். கோச்சிக்காதீங்க. ரிம்மு காஞ்சதும் நானே மாட்டித் தர்றேன்.

அன்னைக்கு எனக்கு இது தோணல சார்.