பாறைக்குழி எம்.டி.

மீன் பிடிக்கிறவன் பொறுமைசாலி என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், ஊரில் நாலையும் பார்த்தவர். நீங்களாவது அதை நம்பாதீர்கள். தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன் உள்ளுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டேதான் இருப்பான். நான் பெரும்பாலும் தனபாலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

தனபால் என் சிநேகிதன். மங்கலம் ரோட்டில் டீ-சர்ட்டுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தான். நான் மண்ணரையில் சாம்பிள் தைக்கிறவன். வெளிநாட்டு பையர் ஒரு டிசைன் அனுப்பினால் அதன் முதல் பீஸ் என் மிஷினிலிருந்துதான் வரும். அது ஓகே ஆனால்தான் கம்பெனியில் மற்றது ஓடும். இந்த வேல்குமார் தைத்த பீஸில் குறை சொன்ன பையர் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் ஜாக்கெட் விஷயம் வரும்போது உங்களுக்கு உதவுமே என்று சொல்லி வைக்கிறேன்.

கயாக் யோசனை தனபாலுடையது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகில் உட்கார்ந்துகொண்டு தன் உயரத்துக்கு ஒரு மீனை இழுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டான். அதோடு அவன் தூக்கம் போயிற்று. "மாப்ள, நாமளும் புடிக்கறோம்டா. பெருசா புடிக்கறோம். இந்த ஜிலேபி கெண்டையெல்லாம் எவன் புடிப்பான்?" என்றான். ஆளுக்கொரு கயாக் வாங்கினோம். மூன்றாவது ஆள் அருண்பாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், எங்கள் தெருக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடல் ரொம்பத் தூரம். சாயத் தண்ணீர் ஓடும் நொய்யலில் இறங்கினால் எந்தக் கலரில் கரையேறுவோம் என்று சொல்ல முடியாது. அதனால் பொங்கலூர் தாண்டி ஒரு பாறைக்குழியைப் பிடித்தோம். கல்லை வெட்டி எடுத்துவிட்டு அம்போவென்று விட்டுப்போன குவாரி. மழைத் தண்ணீர் நின்று நின்று, அதன் ஆழம் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் லோடு ஆட்டோவிலிருந்து கயாக்குகளை இறக்கும்போது, அங்கே ஆடு மேய்க்கும் சென்னம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ்சாமி, இதென்ன மாட்டுக்குத் தண்ணி வெக்கற தொட்டிங்களா?"

"மீன் புடிக்கறதுக்குங்க ஆத்தா," என்றான் தனபால்.

"மீனு வேணும்னா சந்தையில வெட்டியே குடுப்பாங்களே சாமி. அதுக்கா மூணு ஆம்பளையும் மூணு தொட்டியும்?"

இப்போது உங்களிடம் சாட்சி சொல்லியிருப்பதும் அந்தம்மாதான். நல்ல கண் பார்வை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அந்தப் பாறைக்குழியில் ஒரு கட்லா மீன் இருந்தது. யாரோ எப்போதோ விட்ட குஞ்சு, கேட்பாரில்லாமல் தின்று தின்று பெருத்துவிட்டது. எம்.டி. என்று அதற்குப் பேர் வைத்தவன் அருண்பாண்டி. எப்போதாவது மேலே வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கும். நாங்கள் அரக்கப்பரக்க நிமிர்ந்து உட்காருவோம். யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல் உள்ளே போய்விடும். வேறு என்ன பேர் வைப்பது?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.டி. என் தூண்டிலில் மாட்டியது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் நான் பிசைந்த உருண்டை. தூண்டில் ராட் வில்லாக வளைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது, மேடம். கல்யாணத்தன்றுகூட அப்படிக் கலங்கவில்லை. இதை மட்டும் என் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. "அய்யோ முருகா" என்று நான் கத்தியது உண்மை. மீனுக்காகத்தான் முருகனைக் கூப்பிட்டேன். தனபால் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, துடுப்பை அடித்து அடித்து என்னிடம் வந்து, பிசிறு வெட்டுகிற டிரிம்மரால் என் தூண்டில் நரம்பை நறுக்கென்று வெட்டிவிட்டான்.

"உனக்கு நீச்சலுந் தெரியாது, ஒரு மண்ணுந் தெரியாது. மீனு போனாப் போவுது. உன்ற ஊட்டுல நானில்ல பதில் சொல்லோணும்?" என்றான்.

"தனபாலண்ணே மட்டும் இல்லாட்டி இன்னைக்கு நீங்க மேல போயிருப்பீங்கண்ணே," என்றான் அருண்பாண்டி.

அகப்பட்ட மீனை ஒருவன் வெட்டிவிடுகிறான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். சொன்னேன். வரும் வழியில் டீயும் பஜ்ஜியும்கூட வாங்கிக் கொடுத்தேன். அந்த பஜ்ஜியை அவன் தின்றதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், பட்டறையில் பையன்கள் மத்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் தனபால் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து "அய்யோ முருகா" என்று என்னைப் போலவே கத்திக் காட்டுவான். நன்றாகவே செய்வான். என் மனைவியே சிரித்தாள். எம்.டி. என்னிடம் மாட்டியது என்பது எல்லோருக்கும் மறந்துபோய், நான் கத்தியது மட்டும் ஊரில் நின்றது. ஒரு மீனைக் கூடப் பிடிக்காதவன் என்று பேர்.

ஆனால் அக்கறை உள்ளவன், அதையும் சொல்ல வேண்டும். அவன்தான் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இனிமேல் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்றான். "கடையில எதுக்குடா வாங்கோணும்? நீயே தச்சுப்போடு மாப்ள, உன்ற தையல விடவா?" என்றான். கூடவே, "எனக்கு மட்டும் கொஞ்சம் ஸ்லிம்மா இருக்கோணும். போட்டோவுல தொப்பை தெரியப்படாது," என்றான். தொப்பை தெரியக்கூடாது என்றால், ஆளை மிதக்க வைக்கிற தடித்த ஃபோம் வைக்க முடியாது. நான் என்ன செய்வது? பையர் கேட்டதைத் தைத்துக் கொடுப்பது என் தொழில். எனக்கும் அருண்பாண்டிக்கும் ஃபோம் வைத்தேன். தனபாலுக்குக் கட்டிங்கில் மிச்சம் விழுந்த பனியன் துணியை மெல்லிசாக அடைத்து வைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்று, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஜாக்கெட் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு காலை எம்.டி. தனபால் தூண்டிலில் மாட்டியது. என் மனசு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவன் அங்கிருந்து கூப்பிடுகிறான்: "மாப்ள, இது உன்ற மீனுடா! வா, வந்து நீயே புடி!" நான் போனேன். என் கயாக்கை அவனுடையதோடு ஒட்டி நிறுத்தினேன். அவன் எட்டி ராடை என் கையில் கொடுத்தான். அப்படி எட்டியதில் அவன் கயாக் கவிழ்ந்தது. அவனுக்கும் நீச்சல் தெரியாது, மேடம்.

அவன் பக்கத்தில்தான் இருந்தான். கை நீட்டினால் எட்டும் தூரம் என்று சென்னம்மாள் சொல்லியிருப்பது சரிதான். "கையக் குடு மாப்ள" என்று கேட்டதாக அருண்பாண்டி எழுதிக் கொடுத்திருக்கிறான். அதையும் நான் மறுக்கவில்லை, எனக்குக் கேட்டது. ஆனால் அந்த மீனுக்கு இரண்டு கையும் வேண்டும். பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அருண்பாண்டி எதிர்க் கரையோரத்திலிருந்து குதித்து வந்தான். கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். ஆனால் என் ஜாக்கெட் அவனை முங்கவே விடவில்லை. முங்க முங்க மேலே தூக்கிவிட்டது. அவ்வளவு தரமான பீஸ். பக்கிளைக் கழற்றி வீசிவிட்டு அவன் உள்ளே போவதற்குள் தனபால் வெகு கீழே போய்விட்டான். அந்த நேரத்தில்தான் நான் எம்.டி.யைக் கயாக்கில் ஏற்றினேன். கரையில் நின்று அந்தம்மா "அடப்பாவி, மீனையா புடிக்கறே?" என்று கத்தினார். எனக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை, மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

தனபாலின் ஜாக்கெட்டை இங்கே பிரித்துப் பார்த்தீர்களாம். உள்ளே பனியன் துணி இருந்ததாம். இருக்கத்தானே செய்யும், அடைத்தவன் நான். ஆனால் பிளேடு போட்டுத் தையலைக் கிழித்தது சரியில்லை, மேடம். ஓரத்தில் ஒரு நூலை இழுத்தாலே மொத்தமும் வந்திருக்கும்.

தெரியாமல் செய்தாயா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் எனக்கு வருத்தம். சோதிக்காமல் ஒரு பீஸையும் நான் வெளியே அனுப்பியதில்லை. தைத்து முடித்ததும் மொட்டை மாடித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் மிதந்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சத்தமில்லாமல் அடிக்குப் போய்விட்டது. எடுத்துப் பிடித்தால் நல்ல கனம். பிரித்து ஃபோம் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோம் மிச்சமும் இருந்தது, தொப்பை தெரிந்தால் தெரியட்டும். அப்போது போனில் தனபால் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ காதுகுத்து வீடு. கவிழ்த்த நாற்காலியில் உட்கார்ந்து "அய்யோ முருகா" என்கிறான், சின்னக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. நான் ஜாக்கெட்டை நன்றாகக் காய வைத்தேன். இஸ்திரி போட்டேன். பாலிபேக்கில் போட்டு, டேக்கும் மாட்டிக் கொடுத்தேன்.

அவன்மீது எனக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை. நல்ல மனுஷன். ஆனால் நேற்று வந்த பேப்பரைப் பார்த்தீர்களா? "தனபால் பிடித்த ராட்சத மீன்" என்று படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் மீன் இருக்கிறது, தனபாலின் பழைய போட்டோ இருக்கிறது, நான் இல்லை. ராட் அவனுடையது, மறுக்கவில்லை. மாட்டும்போது அவன் கையில்தான் இருந்தது, அதையும் மறுக்கவில்லை. மாட்டியதை எல்லாம் பிடித்ததாகச் சொன்னால், ஆடியில் அதை முதலில் பிடித்தவனும் நான்தானே?

கையெழுத்து எங்கே போடச் சொன்னாலும் போடுகிறேன், மேடம். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே செய்தான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனைப் பிடித்தது தனபால் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.