நாரை வராத மாசம்

இல்ல சார், ஒக்கார மாட்டேன். கம்பெனிக்காரங்க அவ்ளோ நேரம் பேசனாங்க, நா வாயத் தொறந்தா மட்டும் மைக்க கேக்கறீங்களே. பேரா? வீரபத்திரன். ஏரிக்குக் கீழதான் நெலம் கீது. அந்த ஏரியத் தூத்து குடோன் கட்டலாமான்னு கேக்கத்தான இந்தக் கூட்டம்? வந்து பாத்தோம், ஏரில ஒரு நாரை கூட இல்லன்னு இப்ப அந்த மேடம் சொன்னாங்கல்ல, அதுக்குத்தான் எழுந்தேன்.

முன்னல்லாம் எனுக்கு நாரைன்னாலே ஆவாது சார். நாத்த மிதிக்குதுன்னு கல்லால அடிப்பேன். எம் பொண்ணு கயலு ஏழாவது படிக்கறப்ப, தணிகைமணின்னு ஒரு வாத்தியாரு, சனிக்கெழம ஆனா பசங்கள ஏரிக்கு இட்டுகினு போயிடுவாரு. பொட்டப்புள்ளைக்கு சேத்துல என்னா வேலைன்னு ஊரே சிரிச்சிது. அவ மசியல. பள்ளிக்கூடத்துல நாரைக்காரின்னு கூப்புட்டா அவ்ளோ பெரும அவளுக்கு. ஒருநாளு கல்லு எடுத்த எங்கையப் புடிச்சிகினா. நைனா, அது நத்தகுத்தி நாரை, நம்ம பயிரத் தின்ற நத்தையத்தான் தின்னுது, அடிக்காதன்னா. சித்திரைல தேடாத, ஏரி காஞ்சி கெடக்கும், ஐப்பசி மழைக்கு அப்பால வரும்னும் சொன்னா.

அதுலேர்ந்து அவ சொன்னதுதான் எனுக்கு வேதம். தீவாளிக்கு ஏரிக்கரைல வெடி வெக்காதீங்கடான்னு ஊரோட மல்லுக்கு நின்னேன். அவ அந்தப் பறவைப் படிப்பே படிச்சி மெட்ராசுக்கு வேலைக்குப் போனா. மலைக்குப் போயி மொட்ட போட்டேன் சார், சந்தோசத்துல. அவ போனப்புறம் நாரைக்காரன்ற பேரு எனுக்கு வந்துடுச்சி.

ஆங், விசயத்துக்கு வந்துட்டேன் சார். இவங்க ஏரியப் பாக்க வந்தது எந்த மாசம்? நீங்களே சொல்லுங்க. சித்திரை. தெரியாம வந்திருந்தா சொல்லிக் குடுத்துட்டுப் போவேன். தெரிஞ்சே வந்துகிறாங்க. வயிறு எரியுது சார்.

மேடத்தையே கேக்கணுமா? எங்க, தலையே நிமிர மாட்டறாங்களே.

சரிம்மா கயலு, நாரைய வுடு. சித்திரைல ஏரி வரிக்கும் வந்துட்டு, வூட்டுக்கு வராமயே போயிட்டியேம்மா.