சும்மா பாத்தி

எனக்குக் கீரை பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் கீரைப் பாத்திகளிலிருந்து நான் ஏன் ஒரு இலைகூடத் தின்னவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். காரணம் நாக்குதான், இன்ஸ்பெக்டர் ஐயா. வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் என்னை 'நானோ சார்' என்பார்கள். செய்தது யார் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். பாதிப் பதில் என் பட்டப்பெயரிலேயே இருக்கிறது.

என் வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. சொல்லப்போனால் அதைவிடச் சின்ன வேலை உலகத்திலேயே கிடையாது. துத்தநாகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்து, தண்ணீரில் கலந்து, இலையில் தெளிப்பது. மூட்டை உரம் செய்வதை ஒரு மூடி மருந்து செய்துவிடும் என்பது என் கட்சி. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று பன்னிரண்டு வருடமாகக் கூட்டங்களில் பேசி வந்தேன். கூட்டம் என்றால் ஏழு பேர். அதில் இரண்டு பேர் தூங்குவார்கள்.

கண்ணாடிக் கூடாரத்தில் இரண்டு கீரைப் பாத்திகள் போட்டேன். ஒன்றுக்கு என் மருந்து, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்தின் குணம் தெரியும். வெறும் தண்ணீர்ப் பாத்திக்கு அறிக்கையில் நீளமான பெயர் உண்டு. ஆனால் கையில் ரப்பர் குழாயோடே திரியும் குழாயக்கா அதற்குச் 'சும்மா பாத்தி' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. தண்ணீர் விடுவது, மருந்து தெளிப்பது எல்லாம் அவர் பொறுப்புதான்.

அவருடைய மகள் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள், அப்போது ஆறாவது மாதம்.

"சார், பொண்ணுக்குத் தினம் கீரை குடுக்கச் சொல்லியிருக்காங்க. இதுல கொஞ்சம் கிள்ளிக்கட்டுமா?"

"மருந்து அடிக்கிற பாத்தியத் தொடாதீங்கக்கா. சும்மா பாத்தியில ஓர வரிசைய எடுத்துக்கோங்க, அதை நான் அளக்கறதில்ல. அதுல ஒண்ணும் கிடையாது."

சத்தியமான வார்த்தை. அன்றைக்கு எனக்குத் தெரிந்து அதில் ஒன்றும் கிடையாது.

நான்காவது வாரம் அளந்து பார்த்தேன். இரண்டு பாத்தியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். மறுபடி அளந்தேன். அளவுகோலைச் சந்தேகப்பட்டு வேறு கோல் வாங்கி வந்து அளந்தேன். படித்தவன் அல்லவா, தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்படுவான்.

இயக்குநர் கோபப்படவில்லை. "அடுத்த மாசம் வெளியிலேருந்து பாக்க வர்றாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, உங்க ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. சாமான் போட இடம் பத்தல," என்றார்.

நிதானமாக யோசித்தேன். மருந்துப் பாத்தியை இதற்குமேல் உயர்த்த என்னால் முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவனைக் குனிய வைத்தால் நாமும் உயரம்தானே. மறுநாள் காலையிலிருந்து, குழாயக்கா வருவதற்கு முன்பு, சும்மா பாத்திக்குக் கொஞ்சம் களைக்கொல்லி கலந்த தண்ணீரை நானே ஊற்றினேன். பயிர் சாகக் கூடாது, சவலையாக வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்க நான் காட்டிய சிரத்தையைப் பன்னிரண்டு வருடத்தில் வேறு எதிலும் காட்டியதில்லை.

ஓர வரிசையை மட்டும் விட்டிருக்கலாமே என்றார் உங்கள் உதவியாளர். நல்ல மனிதர், விவசாயம் தெரியாது. ஓரம் மட்டும் செழித்து நின்றால் பார்க்க வருகிறவர்களுக்குச் சந்தேகம் வராதா?

கிள்ளாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். இரண்டு முறை வாயெடுத்தேன். ஏன் சார் என்று கேட்பார். ஒண்ணும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்பார். அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் எனக்கு வராது, ஐயா.

ஆனால் அக்கறை இல்லாதவன் என்று நினைக்காதீர்கள். தினமும் விசாரிப்பேன்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"வாந்தி நிக்கல சார். வேற எதுவும் இறங்க மாட்டேங்குது. உங்க கீரைய மட்டுந்தான் ஆசையாச் சாப்பிடறா."

அதைத் தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். பழக்க தோஷம். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. கையெழுத்து புரியாவிட்டால் நானே படித்துக் காட்டுகிறேன்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு பாத்திக்கும் நடுவில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் கூட்டத்து ஏழு பேரும் கை தட்டினார்கள், தூங்குகிற இருவர் உட்பட. அன்று சாயங்காலம் குழந்தை இறந்து பிறந்தது. மறுநாள் அந்தப் பெண்ணும் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நடையில் குழாயக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அந்தப் பாத்திய மட்டும் சும்மா சும்மான்னு ஒதுக்கி வெச்சீங்களா, எனக்குப் பாவமா இருந்துச்சு. மருந்து அடிச்சதும் டப்பாவுல மிச்சம் இருக்கும்ல, அதைச் சும்மா பாத்திக்கும் தெளிச்சுடுவேன். மொத நாள்லேருந்தே. உங்க மருந்தத் திருடின பாவந்தான் என் புள்ளையக் கொண்டுபோயிடுச்சு. என்னை மன்னிச்சுடுங்க சார்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்படியானால் மருந்து முதல் நாளிலிருந்தே வேலை செய்திருக்கிறது. டப்பாவின் அடியில் கிடந்த மிச்சம்கூட ஒரு பாத்தியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. என் பன்னிரண்டு வருடமும் வீண் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஐயா. இருமல் போல மாற்றிக்கொண்டேன். பிறகு, "பரவாயில்லக்கா, விடுங்க," என்று அவரை மன்னித்தேன். இன்னொருவனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான்.

எழுதிக்கொள்ளுங்கள். களைக்கொல்லி ஊற்றியது நான். யார் தின்கிறார்கள் என்று தெரிந்தே ஊற்றியது நான். ஆனால் கிள்ளியது நான் இல்லை, சமைத்தது நான் இல்லை, ஊட்டியதும் நான் இல்லை. அந்தப் பெண் விஷயத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மனசாட்சிப்படி சொல்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. சும்மாதான் இருந்தேன்.