மூலையில ஒரு பெருக்கல் குறி

இல்லண்ணா, எலி இல்ல. நானும் முதல்ல எலின்னுதான் நெனச்சேன். விளக்கை அணைச்சாச்சு, எம் பொண்ணு உருண்டை தூங்கிட்டா, அப்பத்தான் கேட்டுச்சு. கீச். ஒரே ஒரு கீச். நடக்கப் பழகுற பிள்ளைங்களுக்கு ஒரு செருப்பு விப்பாங்கல்ல, மிதிச்சா கத்துமே, அந்தச் சத்தம். யாரோ ஒரு அடி மட்டும் எடுத்து வச்சுட்டு அப்படியே நின்ன மாதிரி. இவகிட்ட அந்தச் செருப்பே கிடையாது. இருட்டுல கையை விட்டுத் தடவிப் பாத்தேன். பக்கத்துலதான் இருந்தா, ரெண்டு காலையும் என் வயித்துல போட்டுக்கிட்டு.

அடுத்த அடி வரும்னு பாத்துக்கிட்டே கிடந்தேன். வரல.

நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சை நிறுத்துனா உக்காந்தபடியே தூங்கிருவேன் போல இருக்கு. அந்த ஸ்டூல்ல மட்டும் ஏறாதீங்க, ஒரு கால் ஆடும்.

ஆமா, தாழ்ப்பாளை உள்பக்கம்தான் போடணும். வெளிப்பக்கம்தான் இருக்கே, பாத்தீங்கல்ல, ஜெயிலுக்குப் போட்ட மாதிரி. இது முன்னாடி சாமான் ரூமாம். வீட்டுக்கார அம்மா உடைஞ்ச நாற்காலி, பழைய மெத்தை எல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. நாற்காலி என்ன உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கவா போகுது. அதனால உள்ள ஒண்ணும் வைக்கல. இத்தனை நாளா தண்ணி கேனை நிறைச்சு கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் படுக்கறேன்.

ஒண்ணு பண்ணுங்க. முதல்ல வெளிய இருக்கிறதைக் கழட்டிருங்க. உள்ள அப்புறம் மாட்டலாம். நல்ல தாழ்ப்பாள்தான், தெரியுது. உங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க, எங்கயாவது ஆகும். எனக்கு அது அங்க இருக்கக் கூடாது. சொல்றேன் ஏன்னு. இன்னிக்குள்ள ரெண்டும் ஆகணும், அவ்ளோதான்.

ராத்திரி கேட்ட சத்தமா? அது லேப்டாப்லேர்ந்து வந்தது. நான் வச்ச சத்தமேதான்.

கம்ப்யூட்டர் வேலைதான் பண்றேன். அதைச் சொன்னாலே எல்லாரும் ஓடாத பிரிண்டரைத் தூக்கிட்டு வந்துர்றாங்க. எனக்கு அது தெரியாது. நான் வெப்சைட் பண்ணுவேன். இப்போ குழந்தைங்க செருப்பு விக்கிற ஒரு அக்காவுக்குப் பண்றேன். ஆன்லைன்லயும் விக்கிறாங்க, மெயின் ரோட்டுல கடையும் இருக்கு. அந்த அக்காவுக்கு ஒரே ஒரு குறை. ஜனங்க வர்றாங்க, எல்லாச் செருப்பையும் பாக்கறாங்க, போயிடறாங்க. வந்தது யாருன்னே தெரியாம நான் எதுக்குடீ கடையைத் தொறந்து வச்சிருக்கேன்னு கேட்டாங்க. அதனால ஒரு பாப்-அப் வேணும்னாங்க.

பாப்-அப்னா, எப்படிச் சொல்றது. நீங்க செருப்பு பாத்துக்கிட்டே இருக்கீங்க. திடீர்னு நடுவுல ஒரு பெட்டி வந்து குதிக்கும். பின்னாடி இருக்கிறதெல்லாம் மங்கிப் போயிரும். நீ யாரு, ஏற்கனவே இங்க வந்தவளா, அப்ப லாகின் பண்ணு. புதுசா, அப்ப பேரு, போன் நம்பர், மெயில், அட்ரஸ் எல்லாம் குடுத்துப் பதிவு பண்ணிக்கோ. அதான். உங்களுக்கும் வந்திருக்கும், எரிச்சலா மூடியிருப்பீங்க. மூலையில சின்னதா ஒரு பெருக்கல் குறி இருக்குமே, அதை அமுக்கி.

அந்தக் குறிக்குத்தான் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அது வேண்டாம்னாங்க. அது இருந்தா எல்லாரும் மூடிட்டுப் போயிருவாங்க, இல்லாம இருந்தா வேற வழியில்லாம நம்பர் குடுப்பாங்கன்னு கணக்கு. நான் முடியாதுன்னுட்டேன். சாதாரணமா நான் யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்றவ இல்லண்ணா. உள்ள வந்தவங்களுக்கு வெளிய போக வழி வைக்காம நான் செஞ்சு தர மாட்டேன், வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். அக்கா அப்படியே பாத்தாங்க. சரிடீ அம்மா, உன் பெருக்கலை நீயே வச்சுக்கோன்னுட்டாங்க.

ஸ்க்ரூ பத்தலயா? வண்டியிலயா இருக்கு? சரி, எடுத்துட்டு வாங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க. இல்ல, தொறந்தே இருக்கட்டும். சீக்கிரம் வந்துருங்கண்ணா.

வந்துட்டீங்களா. நான் இங்கயேதான் நிக்கறேன், உக்காரல.

ஒரு நிமிஷம், டிரில் போடுறதுக்கு முன்னாடி இவ காதைப் பொத்திக்கறேன். ம், போடுங்க.

எழுந்திரிக்கலயே. இவ அப்படித்தான். இடி விழுந்தாலும் தூங்குவா, பிஸ்கட் கவர் பிரிக்கிற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு உக்காந்துருவா.

எங்க விட்டேன். ஆங், பெட்டி. அக்கா இன்னொண்ணும் கேட்டாங்க. தப்புத் தப்பா அட்ரஸ் குடுத்து நெறைய டப்பா திரும்பி வருதாம். அதனால யாராவது பதிவு பண்ணுனா உடனே அவங்க மெயிலுக்கு ஒரு வரவேற்பு போகணும், அதுல அவங்க குடுத்த அட்ரஸ் அப்படியே இருக்கணும், சரிதானான்னு பாத்துக்கட்டும்னாங்க. செஞ்சு குடுத்தேன். கூடவே எனக்காக ஒரு விளையாட்டு. புதுசா யார் பதிவு பண்ணாலும் என் லேப்டாப் கீச்சுங்கணும். கடையில போய் அந்தச் செருப்பை அமுக்கி, சத்தத்தைப் பிடிச்சுட்டு வந்தேன். உருண்டைக்கு ரொம்பப் பிடிச்சுது.

பெட்டி வேலை செய்யுதான்னு நாமளே ஒரு தடவை நிரப்பிப் பாக்கணும். எல்லாரும் வாய்க்கு வந்ததை அடிப்பாங்க. பேரு அஆஇஈ, ஊரு கககக. எனக்கு அது வராதுண்ணா. நான் கான்வென்ட்ல படிச்சவ. எங்க சிஸ்டர் ஒருத்தங்க ஃபாரம் நிரப்பச் சொல்லித் தருவாங்க. பழகிப் பாக்குற ஃபாரமா இருந்தாலும் பொய் எழுதக் கூடாது. ஒரு கட்டத்தைக் கூட வெறுமனே விடக் கூடாது. அட்ரஸ்னா, ஊருக்குப் புதுசா வந்த தபால்காரர் யாரையும் கேக்காம உன் வாசல்ல வந்து நிக்கணும், அதான் அட்ரஸ். அப்படித்தான் நானும் எழுதுனேன். தெரு, வீட்டு நம்பர், வெளிப் படிக்கட்டு, மாடியில கடைசிக் கதவு. எழுதி முடிச்சுட்டு அமுக்குனேன். கீச்சுன்னுச்சு. இவ கை தட்டுனா. நானும் தட்டுனேன்.

மெயில் கட்டத்தைத்தான் கவனிக்கல. ஒரு எழுத்து அடிச்சேன், மீதியை அதுவே நிரப்பிக்கிச்சு. லேப்டாப் பழசு, அந்த வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தது. நான் மறந்ததையெல்லாம் அது ஞாபகம் வச்சிருக்கு. அது என்னோட பழைய மெயில். கல்யாணம் ஆனதும் அவர்தான் ஆரம்பிச்சுக் குடுத்தார். பாஸ்வேர்ட் அவர் வச்சதுதான். அவர் போன்லயும் அது தொறந்தே இருக்கும்.

ஆமா, அவர்னுதான் வருது. மாத்திப் பாத்தேன், வாயில வர மாட்டேங்குது.

அழிச்சேனே. தெரிஞ்ச உடனே கடைக் கணக்குலேர்ந்து என் பேரை எடுத்துட்டேன். ஆனா போன மெயில் போனதுதான். வருக வருக, உங்க அட்ரஸ் இதுதானே, சரி பாத்துக்கோங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிருச்சு. அந்த மெயிலை யார் பாக்கப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். வேற என்ன நெனைக்கறது. கீரை ஆய்ஞ்சேன், இவளைக் குளிப்பாட்டுனேன்.

நேத்து ராத்திரி அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் லேப்டாப்னு உறைச்சுது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். புதுப் பதிவு ஒண்ணு. பேரு இருக்கிற கட்டத்துல, உருண்டை அப்பா. அட்ரஸ், மாடியில கடைசிக் கதவு. நான் எழுதுனது அப்படியே, ஒரு புள்ளி மாறல. ஒரு ஜோடி செருப்பு எடுத்திருந்தார். அந்தக் கீச்சுச் செருப்புதான். எப்படி வேணும்னு கேக்கிற இடத்துல, கடைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்னு போட்டிருந்தார்.

உருண்டைன்னு இவளைக் கூப்பிடறது நாங்க ரெண்டு பேர்தான்.

காலையில அக்கா போன் பண்ணாங்க. அவ்ளோ சந்தோஷம். உன் பெட்டி வேலை செய்யுதுடீ, முதல் ஆளு கடை தொறக்கும் போதே வந்து நின்னாருன்னாங்க. என்ன மரியாதை, என்ன பேச்சுன்னு ஒரே புகழ்ச்சி. அளவு கேட்டதுக்கு, விரலால காத்துல அளந்து காட்டுனாராம், இவ்ளோதான் பாதம்னு. அக்கா ஒரு மஞ்ச டப்பாவுல போட்டு, ரிப்பன் கட்டிக் குடுத்தாங்களாம். அவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் இவ காலைப் பிடிச்சுப் பாத்தேன். அவர் காட்டுன அளவு சரியாத்தான் இருக்கு. பாத்து எவ்ளோ நாளாச்சு, எப்படித்தான் தெரிஞ்சுதோ.

சொன்னேன்ணா, போலீஸ்லயும் சொன்னேன். அப்பா பிள்ளைக்குச் செருப்பு வாங்குனது ஒரு குத்தமாம்மான்னு கேட்டாங்க. குத்தம் இல்லதான். வந்து ஏதாச்சும் பண்ணா போன் பண்ணுன்னாங்க. சரின்னேன்.

அடிப்பாரான்னா? இல்லண்ணா. கை நீட்டுனதே இல்ல. சத்தம் போட்டுக் கூடப் பேச மாட்டார். வேலைக்குப் போகும்போது கதவை வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போவார், அவ்ளோதான். அந்த வீட்லயும் இதே மாதிரி தாழ்ப்பாள், இதே சத்தம். காலையில சர்ருன்னு ஒண்ணு, சாயங்காலம் சர்ருன்னு ஒண்ணு. நடுவுல நானும் இவளும். முதல்ல எதுக்குன்னு கேட்டேன். உனக்குப் பாதுகாப்புன்னார். ஒரு நாள் இவளுக்கு உடம்பு நெருப்பா கொதிச்சுது. கண்ணு மேல சொருகிருச்சு. கதவைத் தட்டுனேன், கை வலிச்சா காலால உதைச்சேன். எதிர் வீட்டு அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டாங்க. பாத்ரூம் பக்கெட்டுல இவளை உக்கார வச்சுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வந்து தொறந்தார். கதவுல பெயின்ட் போயிருக்கே, ஏன்னு கேட்டார்.

வெளிய எப்படி வந்தேன்னா, அது ஒரு சிரிப்பு. கரண்ட் மீட்டர் பாக்க வந்தவர் வீடு தெரியாம எங்க கதவைத் தொறந்துட்டார். மீட்டர் எங்கம்மான்னு கேட்டார். பக்கத்துச் சந்துன்னு காட்டிட்டு, பையையும் இவளையும் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடியே நடந்துட்டேன். அவர் திரும்பிக் கூடப் பாக்கல.

நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?

கீழ ஒருத்தர் நின்னாரா. எப்ப, ஸ்க்ரூ எடுக்கப் போனப்பவா.

கையில டப்பாவா? என்ன கலர்?

ம். மஞ்சதான். என்ன கேட்டார்? மேல வேலை முடிய இன்னும் நேரமாகுமான்னு. வேற ஒண்ணும் கேக்கலயா. அவசரம் இல்ல, நீங்க பொறுமையா முடிச்சிட்டு வாங்கன்னாரா. அப்படித்தான் பேசுவார். பரவால்லண்ணா, உங்களுக்கு என்ன தெரியும். உங்க வண்டி கீழ நிக்கிற வரைக்கும் அங்கயே நிப்பார். நீங்க இறங்குனா ஏறுவார்.

இல்ல, வேண்டாம். நீங்க போய் எதுவும் பேச வேண்டாம். சுத்தியலைக் கீழ வைங்க. வெளித் தாழ்ப்பாள் பெட்டியில போட்டுட்டீங்கல்ல? அது போதும். இன்னும் எத்தனை ஸ்க்ரூ இருக்கு, ஒண்ணா. அதைப் போட்டுருங்க. அப்புறம் கொஞ்ச நேரம் இங்கயே உக்காருங்க, அந்த ஸ்டூல்ல இல்ல, பாயில. நான் டீ போடறேன். வீட்ல தேடுவாங்கன்னா போன் பண்ணிச் சொல்லிருங்க, வேலை இழுத்துக்கிச்சுன்னு. நான் வீட்டுக்கார அம்மாவை அவங்க தம்பியைக் கூட்டிக்கிட்டு மேல வரச் சொல்றேன். அப்புறம் போலீஸுக்கும். வந்தா போன் பண்ணுன்னாங்கல்ல, வந்துட்டார்.

கேட்டுச்சா?

கீச்சுன்னு. படிக்கட்டுலேர்ந்து. லேப்டாப் இல்ல, அது மூடித்தான் இருக்கு.

இன்னொண்ணு. கையால அமுக்கறார், நடந்தா இப்படிக் கேக்காது. இவ எந்திரிச்சு உக்காந்துட்டா பாருங்க. இடிக்கு எந்திரிக்காதவ. ஒண்ணும் இல்லடா செல்லம், படுத்துக்கோ. மாமாகிட்ட போ. பிடிங்கண்ணா இவளை.

ஸ்க்ரூ இறங்கிருச்சா? நகருங்க. நீங்க வேண்டாம், தாழ்ப்பாளை நானே போடறேன். புதுசுல்ல, இறுக்கமா இருக்கு. கொஞ்சம் தூக்கித் தள்ளணுமா.

ம். விழுந்துருச்சு.