கரிகாலன் மேலை ஒரு மொட்டைப் பெட்டிசம்

இல்லைத் தம்பி, நீர் கத்தரிக்காய் வாங்க வரேல்லை. கால் மணித்தியாலமா ஒரு காயையே திருப்பித் திருப்பிப் பாக்கிறீர். முன்னாலை சலூனிலையும் என்னைப் பற்றி விசாரிச்சனீராம். பாரிசிலை உந்த லாச்சப்பல் தெருவிலை ஒருத்தன் தும்மினாலும் மற்றக் கடைக்குத் தெரியும், கண்டீரே. ஆர் உம்மை அனுப்பினது? மகனுக்குப் பேசிற பொம்பிளை வீட்டுக்காறரோ?

கிளப்போ? எந்தக் கிளப்? ஓ, ஜேர்மன்காறங்கள். அதை வந்த உடனை சொல்லியிருக்கலாமே. ஓம், நான்தான் தவரத்தினம், கரிகாலன்ரை தேப்பன். உந்த வெங்காயப் பெட்டியிலை இரும். கையிலை இருக்கிற கடதாசியளை முதல் உள்ளை வையும், சனம் பாக்குது.

அவன் பதின்மூண்டு வயசிலை கார்ஜ் ஊர்க் கிளப்பிலை தொடங்கினவன். உதைபந்தாட்டம் எண்டு நினைச்சுத்தான் நான் கையெழுத்து வைச்சனான். போய்ப் பாத்தா, தலையிலை இரும்புச்சட்டி மாதிரி ஒண்டைக் கவிட்டுக்கொண்டு பந்தைக் கையாலை எறியிறாங்கள். அமெரிக்கன் விளையாட்டாம். இவன் குவாட்டர்பேக். பந்து முதல் இவன்ரை கைக்குத்தான் வரும். இவன் ஆருக்கு எறியிறான் எண்டு பாத்துத்தான் மற்றவை ஓடுவினம். எதிர்ப்பக்கத்திலை நிக்கிற தடியன்களுக்கு ஒரே வேலை, இவனை விழுத்திறது. எத்தினைதரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான் தெரியுமே? ஆனா எறிஞ்சான் எண்டா, சொல்லக்கூடாது, அப்பிடி ஒரு எறி. வீட்டிலை வாய் திறந்தா எல்லாம் பிரெஞ்சுதான். அப்பா எண்டு கூப்பிடுறது மட்டும் தமிழ்.

இப்ப இருவத்திநாலு வயசு. உங்கட ஆக்கள் கூப்பிட்டாங்கள், சம்பளத்தோடை, வீட்டோடை. கையெழுத்து வைக்க ஒரு கிழமை இருக்கேக்கை உந்த மொட்டைப் பெட்டிசம் போயிருக்கு. மூண்டுதரம் தலையிலை அடிபட்டவன், டொக்டருக்கு ஒளிக்கிறான், ஸ்கான் எடுக்காமல் எடுத்திடாதேங்கோ எண்டு. எல்லாம் நிண்டுபோச்சு. ஸ்கானுக்கு நாள் குறிச்சாச்சு, வாற செவ்வாய். எழுதினவன் ஆரெண்டு தெரிஞ்சா செத்தாலும் அவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன் எண்டு கரிகாலன் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

எனக்கு ஆரிலை சந்தேகமோ? நான் ஒருத்தரிலையும் பழி போடமாட்டன். ஆனா அந்த மீன்கடையைப் பாரும். றெமிஜியஸ் அண்ணை. அவர்ரை மகன் பிரின்ஸ்டனும் உங்களிட்டை வரப் பாத்தவன், எடுபடேல்லை. அண்டையிலை இருந்து அந்த மனுசன் என்னோடை சிரிக்கிற சிரிப்பே வேறை. பேந்து உம்மடை விருப்பம்.

ஏன், நம்பேல்லையே? சரி, அந்தப் பெட்டிசத்தைக் காட்டும் பாப்பம். ம். பிரெஞ்சுதான். மேலையோ? மேலை என்ன? ஆ, அந்தக் கீறல் என்னெண்டு அவங்களுக்கு விளங்கேல்லை, அதுதான் தமிழ்ப் பெடியன் எண்டு உம்மட்டைக் காட்டினவங்களோ.

ஓம். பிள்ளையார் சுழிதான். றெமிஜியஸ் அண்ணை வேதக்காறன், சிலுவை போட்டாலும் உது போடமாட்டார்.

உம்மடை கண் ஏன் அந்தக் கொப்பியிலை நிக்குது? நான் சாமான் துண்டு எழுதிற கொப்பி. திறக்கத் தேவையில்லை, ஒவ்வொரு பக்கத்திலையும் இருக்கு.

மூண்டு பின்னேரம் மெனக்கெட்டு எழுதினனான் தம்பி. எழுத்துப் பிடிபடக்கூடாதெண்டு இடக்கையாலை. பேர் இல்லை, ஊர் இல்லை. எல்லாம் யோசிச்சனான். கடதாசியைக் கண்டா கை முதல் அந்தச் சுழியைப் போட்டிடும் எண்டதை மட்டும் யோசிக்கேல்லை.

சொல்லும், அது உம்மடை வேலை. செவ்வாய்க்குப் பிறகு சொல்லும், அவ்வளவுதான் நான் கேக்கிறன். முதலே தெரிஞ்சா ஆத்திரத்திலை ஸ்கானுக்குப் போகமாட்டான்.

போன மாசம் மட்ச் முடிஞ்சு வந்து குசினியிலை இருந்தவன். ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தனான். குடிச்சிட்டு என்னை நிமிந்து பாத்தான். பாத்து, ஆரோ வழியிலை கண்ட ஆளுக்கு நன்றி ஐயா எண்டு சொல்லுறமாதிரி, மெர்சி மொசியு எண்டான்.