முட்டை போடாத வாத்துகள்

“கூலிச் சண்டை நடந்த வருஷம் எங்க வாத்துங்க முட்டையே போடல. ஆனா குஞ்சு மட்டும் வந்துச்சு.”

நன்னிலம் பஸ்ஸில் என் முன் சீட்டு அம்மாள் இப்படிச் சொன்னதும் அவர் பக்கத்திலிருந்த பெண் சிரித்துவிட்டார். இருவரும் ஒரே ஊர். முதலாமவர் நிலக்காரர் வீடு, மற்றவர் குளத்துக்கு அக்கரையில் கூலிக்காரர் தெரு.

“முட்டையெல்லாம் எங்க கரைக் கோரையிலதாங்க கிடந்துச்சு. வேலையில்லாத வருஷமாச்சே, பாதியைத் தின்னோம். மீதியை எங்க கோழிக்கு அடை வச்சோம்.”

“கோழிக்கா?”

“ஆமாங்க. பொரிஞ்ச குஞ்சு நேரா குளத்துல இறங்கிடும். கோழி கரையோரமா கத்திக்கிட்டே ஓடும். அதுங்க திரும்பிக்கூடப் பாக்காம உங்க வாத்துங்களோட போயிடும்.”

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

“ஆனா அதுக்கு முன்ன ஒருநாளும் அதுங்க எங்க கரையில முட்டை போட்டதில்லைங்க.”

நிலக்கார அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“வாத்து விடியக்காலையில முட்டை போடும். நல்லா விடிஞ்சப்புறம் கூண்டைத் திறந்தா முட்டை உள்ளேயே கிடக்கும். அந்த வருஷம் எங்கம்மா இருட்டுலயே எழுந்து திறந்து விட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். அப்பாகிட்ட சொல்லாத, போய்ப் படுன்னாங்க.”