குடலுக்குள் குடியிருப்போரின் குரல் கேட்ட சுகந்தினி அம்மையாருக்கு

நுண்ணோக்கியின் முன் குனிந்தும் நோயின் முன் நிமிர்ந்தும் முப்பதாண்டு பணிசெய்து இன்று ஓய்வு பெறும் பெருந்தகையே! மூவார் ஆய்வுக்கூடத்தின் முதன்மைத் தொழில்நுட்பரே! மூக்கைச் சுளிக்காமல் மலப்புட்டி திறக்கும் முகமலர்ச்சியே! வணக்கம்.

மனிதக் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன என்பதையும், அந்தக் கூட்டம் மாறும் விதம் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதையும், பாலோ தோட்டப்புறம் முதல் பெக்கான் நானாஸ் அன்னாசிக் காடுவரை சென்று, வெட்கப்பட்டு முகம் திருப்பியோரிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் நீங்கள். ஆய்வுக்கு மாதிரி கேட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்ட வீடுகளுக்கும் மறுவாரமே போய் நின்றீர்கள். உங்கள் பிடிவாதம் எங்களுக்கு எரிச்சல் மூட்டியதும் உண்டு, இன்றாவது சொல்லிவிடுகிறோம்.

ஊரையெல்லாம் வென்ற உங்களுக்கு நம் கூடத்துக்குள்ளேயே ஒரு சோதனை வந்தது. ஊரார் புட்டிகளை வேனில் பத்திரமாய்ச் சுமந்துவந்த ஓட்டுநர் செல்லப்பன், தம் புட்டியை மட்டும் தராமல் நாள் கடத்தினார். நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் கொண்டுவந்து வைத்தார். சோதித்தால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் செழிக்கும் நுண்ணுயிர்கள்! பேரனின் டயப்பரிலிருந்து எடுத்துவந்திருக்கிறார் மனிதர்.

வேறு யாராயிருந்தாலும் கூடமே சிரிக்கும்படி செய்திருப்பார்கள். நீங்களோ அவரைத் தனியே அழைத்து, “செல்லப்பன், ஒங்க பேரன் வயிறு நல்லாதான் இருக்கு லா. ஒங்க வயித்தப் பத்திதான் எனக்குக் கவலை,” என்றீர்கள்.

“ரத்தம் போவுது மேடம். பயமா இருக்கு,” என்று அவர் அழுதேவிட்டார். அதை வெறும் மூலநோய் என்று தமக்குத் தாமே சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறார்.

மறுநாள் அவருடைய சொந்தப் புட்டி வந்தது. முடிவு ஐயத்தைக் கூட்டியது. மருத்துவமனையில் பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா செலுத்திப் பார்த்த கொலனோஸ்கோப்பி அதை உறுதிசெய்தது. அது நடந்த அறைக்கு வெளியே, அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தீர்கள். புற்றுநோய்தான், ஆனால் தொடக்க நிலை. அறுவை சிகிச்சை முடிந்து அவர் மீண்டும் வேன் ஓட்டுகிறார், வழக்கம்போல் கொஞ்சம் வேகமாகவே.

அன்புசால் அம்மையே! பசித்து உண்டு, படுத்ததும் உறங்கி, பேரப்பிள்ளைகளோடு வாய்விட்டுச் சிரித்து, நோயறியாப் பெருவாழ்வு வாழ்க! நீங்கள் இல்லாத மேசையைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இம்மடலை எழுதியவர்கள் நாங்கள் அனைவரும். வேறு எவருக்கும் விட்டுத்தரமாட்டேன் என்று அடம்பிடித்து, இதோ உங்கள் முன் நின்று இதை வாசித்துக்கொண்டிருப்பவர், செல்லப்பன்.

நன்றி மறவா,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
மூவார், ஜொகூர்.